ஈ உட்காரும் முன்னே உறை

புடலங்காய் கோணாமல் வளர வேண்டும் என்று நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது கொங்கு நாட்டுத் தோட்டங்களில் இன்றைக்கும் உள்ள வழக்கம். ஒவ்வொரு பிஞ்சாகப் பார்த்து, நாரை எடுத்து, கல்லைக் கட்டிவிடுகிறார்கள். பந்தலில் நூறு பிஞ்சு இருந்தால் நூறு தடவை கை மேலே போகிறது. அதை யாரும் வீண் வேலை என்று சொல்வதில்லை. ஆனால் அதே பிஞ்சுக்கு ஒரு துணி உறையை மாட்டச் சொன்னால் மட்டும், "அதுக்கெல்லாம் ஆளுக்கு எங்கீங்க போறது?" என்ற கேள்வி வந்துவிடும்.

கை எப்படியும் பிஞ்சுக்குப் போகத்தான் போகிறது. அதைச் சில நாள் முன்னால் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். வலை, உறை, கூடாரம் என்று வீட்டிலேயே செய்துகொள்ளும் காப்பு எல்லாமே இந்தச் சில நாள் கணக்கில்தான் நிற்கிறது. எந்த வலை வாங்கினோம் என்பதைவிட எந்த நாளில் மூடினோம் என்பதே முக்கியம்.

டேங்க்கில் மிஞ்சிய மருந்து

கிணத்துக்கடவு பக்கம் ஒரு குடும்பம். இரண்டு ஏக்கரில் தக்காளி. சாளைக்குப் பின்னால் ஐந்து சென்டில் வீட்டுக்கான காய்: ஒரு பந்தலில் பாகலும் புடலையும் பீர்க்கும், பக்கத்தில் இருபது கத்தரிச் செடி, கீரைப் பாத்தி, இரண்டு கொய்யா மரம். தக்காளிக்கு மருந்தடித்து முடித்ததும் டேங்க்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைக் கொட்டுவானேன் என்று வீட்டுக்காரர் பந்தலுக்கும் கொய்யாவுக்கும் அடித்துவிட்டு வருவார். பல தோட்டங்களில் நடப்பதுதான்.

ஒரு நாள் மனைவி வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, அந்த டேங்க்கை இந்தப் பக்கம் கொண்டாராதீங்க. பாப்பா கொய்யாவைப் பறிச்சுப் பாவாடையில தொடைச்சுட்டு அப்படியே கடிக்குது."

"மருந்தடிக்காம பாகல் ஒண்ணு தேறுமா அம்மிணி? அப்புறம் புழுக் காயைத்தான் திங்கோணும்."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மருந்தடிக்காத பாகல் பந்தலில் நல்ல காயைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த அம்மா சொன்னதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு பூச்சிமருந்துக்கும், தெளித்த நாளிலிருந்து அறுவடை வரை இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கெடு இருக்கிறது. தக்காளிக் காட்டில் தெளிக்கும் நாளையும் பறிக்கும் நாளையும் திட்டமிட்டு அந்தக் கெடுவைக் காப்பாற்றலாம். வீட்டுப் பந்தலில் அது முடியாது. அங்கே தினம் ஒரு காய் பறிக்கிறோம்; குழம்பு கொதிக்கும்போதே ஓடிப்போய் இரண்டு கத்தரிக்காய் பறித்து வருகிறோம். காத்திருப்பு நாள் உள்ள எந்த மருந்தும் அடுக்களைத் தோட்டத்துக்குப் பொருந்தாது. அதற்கு மேல், தக்காளிக்கு வாங்கிய மருந்து பாகலுக்கோ கொய்யாவுக்கோ பரிந்துரைக்கப்பட்டதாகவும் இராது. மானோகுரோட்டோபாஸை எந்தக் காய்கறியிலும் தெளிக்கக் கூடாது என்று 2005ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. பழ ஈப் பொறிகளில் முன்பு ஊற்றிவந்த டைக்குளோர்வாஸும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது.

அன்று பேச்சு முடிந்ததும் மாமியார் திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "பொட்டியில பழைய வாயில் சேலை நாலு கிடக்குது அம்மிணி. எடுத்துக் கிழிச்சுக்க."

மூன்று இடத்தில் வாழும் ஈ

உறையை எப்போது மாட்டுவது என்று தெரிய, பாகல் ஈயின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய் ஈ இளம் பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையைத் தின்னும். வளர்ந்த புழு காயை விட்டு மண்ணில் விழுந்து, சில அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். ஒரு வாரம் பத்து நாளில் புது ஈ மேலே வரும். அந்த ஈயும் நாள் முழுக்கப் பந்தலிலேயே இருப்பதில்லை. பக்கத்து மக்காச்சோளத்திலோ ஆமணக்கு இலைக்கு அடியிலோ தங்கிக்கொண்டு, முட்டை வைக்கத்தான் பந்தலுக்கு வருகிறது.

ஆக, புழு காய்க்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள், ஈ பக்கத்துக் காட்டில். காயின் மேல் தெளிக்கிற மருந்து இந்த மூன்றில் எதன் மேல் படும்? திரும்பத் திரும்ப அடித்தும் புழு குறையவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

இந்த ஈ நம் நாட்டுக்கே உரியது. இங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993இல் இதை முற்றிலும் ஒழித்தார்கள். பல ஆண்டுகள் அரசாங்கமே முன்நின்று செய்த வேலை அது. கடல் சூழ்ந்த தீவு என்பதால் முடிந்தது. நம்மால் ஊரில் உள்ள ஈயை எல்லாம் ஒழிக்க முடியாது. நம் பிஞ்சில் அது உட்காராமல் பார்த்துக்கொள்ள முடியும்.

பந்தலையே மூடினால் என்ன ஆகும்?

அந்த வீட்டு மருமகள் முதல் தடவை, ஒவ்வொரு காயாக மாட்டுவது யாரால் ஆகும் என்று நினைத்து, கரூர்க் கொசுவலையை வாங்கிப் பந்தல் முழுவதையும் மூடிவிட்டார். கொடி தளதளவென்று வந்தது. பூவும் பூத்தது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளாகி உதிர்ந்தது.

"என்னங்கத்தை, வலை போட்டும் பிஞ்செல்லாம் உதிருது?"

"தேனீ எப்படி அம்மிணி உள்ள வரும்? நீதான் கதவைச் சாத்திட்டியே."

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, அரசாணி ஆகிய கொடிகளில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மகரந்தம் போனால்தான் காய் நிற்கும். பாகலும் அரசாணியும் காலையில் பூக்கும், தேனீ வரும். பீர்க்கு சாயங்காலம் விரியும். புடலை இரவில் விரியும். அதற்கு அந்துப்பூச்சி வரும். பந்தலை முழுக்க மூடினால் இவை எல்லாமே வெளியே நின்றுவிடும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால், அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். பத்துக் கொடிக்கு அது நடக்கும், அதற்கு மேல் கஷ்டம்.

பிஞ்சு மஞ்சளாகி விழுவதெல்லாம் ஈயின் வேலை அல்ல என்பதும் இதில் தெரிகிறது. விழுந்த பிஞ்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் ஈ. ஒன்றும் இல்லாமல் சுருங்கியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. ஈ குத்திய பிஞ்சில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளியும், சில சமயம் பிசின் துளியும் இருக்கும். அந்தப் பக்கம் வளராமல் காய் கோணும்.

அதனால் கொடிக் காய்களுக்குப் பந்தல் வலை வேண்டாம், பிஞ்சு உறை போதும். பெண் பூவுக்கு அடியில் பிஞ்சு இருக்கும். பூ விரிந்து, மகரந்தம் சேர்ந்து, இதழ் வாடியதும் இரண்டு மூன்று நாளுக்குள் உறை மாட்டிவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து மாட்டினால் முட்டையையும் சேர்த்துப் பத்திரமாக மூடிவைத்ததாக ஆகிவிடும்.

உறை தைக்கும் முறை

பாகலுக்கு ஒரு முழம் நீளம், ஒரு சாண் அகலத்தில் பை தைத்தால் சரியாக இருக்கும். புடலைக்கு அந்தந்த ரகத்தின் நீளத்துக்கு இரண்டு முனையும் திறந்த குழாயாகத் தைத்து, மேலும் கீழும் கட்டலாம். கல் கட்டுகிறவர்கள் உறைக்கு வெளியே கட்டக் கூடாது; காயில் கட்டிவிட்டு அதன் மேல் உறையை இழுத்துவிட வேண்டும். கொசுவலைத் துணி, வாயில் சேலை, மல் வேட்டி எதுவும் ஆகும். திருப்பூர்ப் பக்கத்தில் கிடைக்கும் பனியன் வெட்டுத்துணியும் ஆகும். ஆனால் அது மழைநீரை இழுத்து வைத்துக்கொள்ளும், காய் அழுகும். அதை வெயில் மாதங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். பாலித்தீன் பை மாட்டினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். அடியில் துளை போடாமல் மாட்டக் கூடாது.

பை தொளதொளவென்று இருப்பது முக்கியம். வலைக் கண் வழியாக ஈ உள்ளே வர முடியாவிட்டாலும், காய் வலையில் ஒட்டிக்கொண்டு இருந்தால் வெளியில் இருந்தபடியே குத்தி முட்டை வைத்துவிடும். காய் பெருக்கும்போது உரசாத அளவுக்கு இடம் வேண்டும். வாயைச் சணலாலோ துணிக் கிளிப்பாலோ காம்போடு சேர்த்து மூடலாம். காம்பு நசுங்கும்படி இறுக்கக் கூடாது, எறும்பு நுழையும் சந்தும் விடக் கூடாது.

காய் பறித்ததும் உறையைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தால் அடுத்த பிஞ்சுக்கு ஆகும். எல்லாப் பிஞ்சுக்கும் மாட்ட முடியாதே என்றால், ஒரு கொடியில் நல்ல பிஞ்சாகப் பார்த்து வீட்டுக்கு வேண்டிய அளவு மாட்டினால் போதும். மாட்டாமல் விட்டதில் குத்துப்பட்டதை உடனுக்குடன் பறித்துவிட வேண்டும். அதைக் கொடியில் விட்டுவைத்தால் அடுத்த தலைமுறை ஈக்கு நாமே தீனி போட்டதாகும்.

கொய்யாவுக்கும் மாதுளைக்கும் நாள் வேறு. கொய்யாவைத் தாக்கும் பழ ஈ, காய் பழுக்கத் திரும்பும்போதுதான் அதிகம் வரும். எலுமிச்சை அளவுக்குள் உறை போட்டுவிட்டால் போதும். கிளிக்கும் அணிலுக்கும் அதுவே ஓரளவு மறைப்பு. மாதுளையில் பழம் துளைப்பது ஈ அல்ல, வண்ணத்துப்பூச்சியின் புழு. அது பூவிலும் இளம் பிஞ்சிலும் முட்டை வைக்கிறது. அதனால் பிஞ்சு 5 சென்டிமீட்டர் விட்டம் வருவதற்குள் மல் துணிப் பை மாட்டிவிட வேண்டும்.

கத்தரிக்கு வீடு

கத்தரியின் கதை வேறு. அதற்கு ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. வலைக்குள்ளும் காய் பிடிக்கும். காலையில் கம்பியைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். தக்காளி, மிளகாய்க்கும் இதுவே. தண்டையும் காயையும் துளைக்கும் கத்தரிப் புழுவின் தாய் ஒரு சிறிய வெள்ளை அந்துப்பூச்சி. இரவில் வந்து இலையிலும் மொட்டிலும் முட்டை வைக்கும். புழு வெளிவந்ததும் தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். அப்புறம் எந்த மருந்தும் எளிதில் எட்டாது. இந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரியையே கொண்டுவந்தார்கள், 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. வீட்டுக்கு இருபது செடி வைப்பவர் இந்த அந்துப்பூச்சியைக் கொசுவலையாலேயே வெளியில் நிறுத்தலாம்.

மூன்று நான்கு அடி அகலப் பாத்தி. இரண்டு பக்கமும் மூங்கில் சிம்பையோ அரை அங்குலக் குழாயையோ வளைத்து ஊன்றி, உச்சி நான்கடி உயரம் வருமாறு செய்ய வேண்டும். கட்டுக்கம்பியைப் பழைய சொட்டுநீர்க் குழாய்க்குள் நுழைத்து வளைத்தாலும் வலை கிழியாத வளைவு கிடைக்கும். அதன்மேல் கொசுவலையைப் போர்த்தி, ஓரத்தை அரையடி மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்து மூடும்படி செங்கல் வைத்துக்கொள்ளலாம்.

மூடும் நாள், நாற்று நட்ட அன்றே. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்துப்பூச்சி முந்திக்கொள்ளும். கீரைக்கும் முள்ளங்கிக்கும் விதைத்த அன்றே. தக்காளி, மிளகாய் நாற்றங்காலுக்கும் அப்படியே. ஆனால் அங்கே எதிரி வெள்ளை ஈ. இலைச்சுருட்டு நோயைக் கொண்டுவருவது அதுதான். ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அது கொசுவலைக் கண்ணில் தாராளமாகப் போய்வரும். நாற்றங்காலுக்கு மட்டும் அங்குலத்துக்கு 40, 50 கண் உள்ள பூச்சி வலை வாங்க வேண்டும்.

வலை போட்டும் புழு ஏன்?

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் உண்டு. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, பூச்சி ஏற்கெனவே உள்ளே இருப்பது. போன போகத்தில் பாகல் இருந்த இடத்தில் மண்ணுக்குள் கூட்டுப்புழு கிடக்கும். அதன்மேல் பாகலையே வைத்து வலை போர்த்தினால், ஈ வலைக்குள்ளேயே பிறந்து வளரும். கொடி இருந்த இடத்தில் அடுத்துக் கீரை, கத்தரி இருந்த இடத்தில் அடுத்து வெண்டை என்று மாற்ற வேண்டும். நடும் முன் மண்ணைக் கிளறிக் காயவிட்டால் கோழியும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். விறகுக்கென்று காய்ந்த கத்தரிச் செடிகளைப் பாத்திக்குப் பக்கத்திலேயே அடுக்குபவர்களும் கவனிக்க வேண்டும். அந்தக் குச்சிகளில் இருந்தும் அந்துப்பூச்சி வரும்.

இரண்டாவது, சந்து. நம் பகுதியில் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக வந்து அடிக்கும். மேற்குப் பக்கம் வலையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், அன்று இரவே அந்துப்பூச்சி உள்ளே. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குப் பக்கம் முளைக்குச்சியை நெருக்கி அடித்து, மண்ணையும் அதிகம் அணைக்க வேண்டும்.

மூன்றாவது, திறந்து பார்க்காமல் விடுவது. அசுவினி வலைக்குள் ஒன்று புகுந்தாலும் கிடுகிடுவென்று பெருகும். அதைத் தின்னும் பொறிவண்டு வெளியே நிற்கிறதே! வாரம் இரண்டு முறை திறந்து, இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கண்டால் விரலால் நசுக்கலாம். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளிக்கலாம்.

பொறி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாகல், புடலைக்கு ஈர்க்கும் மருந்து கியூலூர். கொய்யா, மாமரத்துக்கு மீத்தைல் யூஜினால். மாற்றி வாங்கி வைத்துவிட்டு, ஈ விழவில்லை என்பவர்கள் உண்டு. இரண்டுமே ஆண் ஈயைத்தான் இழுக்கும். முட்டை வைக்கும் தாய் ஈயைத் தடுப்பது உறைதான்.

வலை தடுக்காதது

வலையால் முடியாததையும் சொல்ல வேண்டும். 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதலில் தெரியவந்தது கோயம்புத்தூரில்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றைவிடாமல் வெள்ளைப் பஞ்சாக அப்பியது. காற்றிலும் எறும்பாலும் பரவும் அந்தக் குஞ்சுகளை எந்தக் கொசுவலையும் நிறுத்தாது. மருந்தும் கேட்கவில்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து மிகச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். மாவுப்பூச்சி அடங்கியது.

பழ ஈக்கும் அப்படிப்பட்ட சின்னக் குளவிகள் உண்டு. ஹவாய்த் தீவுகளில் அவற்றைக் காப்பாற்ற வலையையே திருப்பிப் பயன்படுத்துகிறார்கள். புழுப்பட்ட காய்களைப் பொறுக்கி ஒரு வலைக் கூடாரத்துக்குள் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே பிறக்கும் ஈயால் வலைக் கண்ணைத் தாண்ட முடியாது. குளவி மட்டும் வெளியேறித் தோட்டத்துக்குப் போய்விடும். நம் வீட்டில் உடைந்த டிரம்மின் அடியில் கொஞ்சம் மண் போட்டு, குத்துப்பட்ட காய்களைக் கொட்டி, வாயை நெருக்கமான கொசுவலையால் இறுகக் கட்டினால் அதே வேலை நடக்கும். டிரம் இல்லாதவர்கள் ஒன்றரை அடி ஆழத்தில் புதைக்கலாம். குப்பைமேட்டில் வீசுவதுதான் கூடாது.

மயிலுக்குப் பயந்து மீன் வலையைத் தரையோடு தொளதொளவென்று போட்டுவைப்பதும் வேண்டாம். எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் சிக்கிச் சாகும். மயில் சிக்கினால் வழக்கே வரும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. பழைய சேலையை வேலியோரம் இழுத்துக் கட்டும் நம் ஊர் வழக்கமே மேல்.

இத்தனை செய்தாலும் பத்துக் காயில் பத்தும் தேறும் என்று சொல்வதற்கில்லை. ஒன்றிரண்டு போகும். தேறியதைக் குழந்தை கையில் கொடுக்க யோசிக்க வேண்டியதில்லை. தக்காளிக் காட்டுக்கு மருந்து கலக்கும்போது அந்தப் பரப்புக்கு ஆகிற அளவே கலந்தால் டேங்க்கில் மிச்சமும் வராது. வந்தாலும் தக்காளிக் காட்டோடு அது நிற்கட்டும்.

நாளைக் காலையில் பந்தலுக்குப் போகும்போது, கையில் ஒரு வண்ண நூல்கண்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக விரிந்த பெண் பூ ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொடியில் ஒரு நூல் கட்டிவிடுங்கள். அந்த நூலைப் பார்த்து மூன்றாம் நாள் உறை மாட்டுங்கள். அடுத்த நாள் பூக்களுக்கு வேறு நிற நூல். நாள் தவறாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.